நான் உடைத்த காலும் நான் வெட்டிய மரமும்

எனக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது கையெழுத்துக்காக அல்ல, காலுக்காக. மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கால்பந்தாட்டப் பைத்தியம். என் மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, என் முழங்காலைத்தான் ஊன்றிப் பார்த்தார்.

பட்டணத்து அணியோடு மோதுவதற்கு முன், ஒரு ஞாயிறு காலை, ஆபீஸ்காரர்களாகிய நாங்கள் லயத்து வீடுகளில் குடியிருந்த ரப்பர் பால்வெட்டுக்காரர்களோடு ஒத்திகை ஆட்டம் ஆடினோம். எங்களுக்குப் பூட்ஸ், அவர்களுக்கு வெறுங்கால். இடது ஓரத்தில் ஓடிய வெட்டுக்காரன் ஒருவன் என்னை மூன்று முறை ஏய்த்துவிட்டுப் போனான். மூன்றாவது தடவை துரை சிரித்தார். நான்காவது தடவை உதைத்தேன். பந்து அங்கிருந்து போய் வெகு நேரம் ஆகியிருந்தது. அவன் கணுக்காலில் 'டக்'கென்று ஒரு சத்தம்.

ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பும் ஒரே வாளியிலிருந்து சர்பத் குடிப்பது தோட்டத்து வழக்கம். குடித்துவிட்டால் மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு சரி. காலில் கட்டோடு படுத்தபடியே அவனும் குடித்தான். மன்னிப்புக் கிடைத்த தெம்பில் நான் இரண்டு குவளை குடித்தேன்.

பிற்பகலில் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் என்னைத் தேடிச் சைக்கிளில் வந்தார். அலமாக்! தெருவில் காலை உடைத்தால் லாக்கப், மைதானத்தில் உடைத்தால் சர்பத், இது என்ன நியாயம் என்று அதுவரை தோன்றாத கேள்வி அப்போதுதான் தோன்றியது. புகைக்கூடத்துக்குள் ஓடி, தொங்கும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே நின்று என் வாதத்தைத் தயார் செய்தேன்: புல் ஈரம், பூட்ஸ் புதுசு, என் தாயார் விதவை. இருமல் காட்டிக்கொடுத்துவிட்டது. கண்ணீர் வழிய வெளியே வந்தேன். வருத்தத்தால் அல்ல, புகையால்.

போலீஸ்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதையைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். போலீஸ் அணிக்கு இப்படி ஓர் ஆள்தான் தேவையாம். சட்டமே என் காலைக் கேட்டு வந்தபிறகு எனக்கென்ன பயம்?

மறுநாள் விடியற்காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது என் வேலை. பழக்க தோஷம், அவன் பெயரையும் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"நல்லா சத்தமா கூப்பிடுங்க கிராணியாரே," என்றாள் வரிசையில் நின்ற அவன் மனைவி. "நீங்க ஒடச்ச காலுதானே, நீங்க கூப்பிட்டா எந்திரிச்சு வந்துரும்."

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். மூன்று பெரட்டுக்கு வராதவனுக்குப் பால் வெட்ட ஒதுக்கிய மரங்கள் வேறு ஆளுக்குப் போகும். மரம் போனவனை இந்தியாவிலுள்ள ஊருக்கே கப்பல் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பட்டியலை எழுதுகிறவனும் நான்தான்.

"அவரு மரத்த யாராச்சும் வெட்டணும்லா," என்றாள். "என் மரத்துக்கே எனக்கு ரெண்டு கை பத்தல."

"நான் வெட்டுறேன்," என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.

"கிராணியாரு வாராரு," என்று கத்தினார் கங்காணி. "மரத்துக்கெல்லாம் காலு இருந்தா ஓடிப்போங்கடா!"

ஐந்து வாரம் வெட்டினேன். உளி பட்டையில் பட்டும் படாமலும் ஓட வேண்டும், என்னுடையது கட்டைவரை இறங்கியது. பால் மங்குக் கோப்பையில் விழுந்ததைவிட என் சட்டையில் விழுந்ததே அதிகம். அவன் கோலூன்றி நொண்டி வந்து எதிரே உட்கார்ந்துகொள்வான்.

"மெதுவாங்க! அது மரம். என் காலுன்னு நெனச்சிட்டீங்களா?"

கட்டு அவிழ்த்த அன்று எல்லா மரங்களையும் முதல்முறையாகச் சுற்றிப் பார்த்து அவன் முகம் வெளுத்தது. "என் காலு ஆறிருச்சு. இதுங்க ஆற வருசமாகும். நாளைக்குத் துரை மரம் பாக்க வராரு. மரம் என் பேர்லதான் இருக்கு. காயம் வச்சவனக் கப்பல் ஏத்தாம விடுவாரா?"

மறுபடியும் புகைக்கூடம் நினைவுக்கு வந்தது. போகவில்லை என்பதுதான் என் வாழ்க்கையின் ஒரே வீரம். மறுநாள் துரை பட்டையைத் தடவிப் பார்த்து, "யார் வெட்டினது?" என்று கர்ஜித்தபோது, "நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது. ஆட்டுக்குட்டியின் குரல் போலிருந்தது, என்னுடையதுதான்.

துரை ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். கடைசியில் என் முழங்காலைப் பார்த்தார். மனிதனை உடைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாதவர், மரத்தைக் கீறியதற்கு என்னை அணியிலிருந்தே தூக்கினார்.

வெள்ளத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போயிருந்த பட்டணத்து ஆட்டத்தில் என் இடத்துக்கு அவன்தான் இறங்கினான். வெறுங்காலோடு இரண்டு கோல் போட்டான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பலமாகக் கைதட்டினேன், துரை பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனித்தபடியே.