வாசலில் நின்ற தட்டு

தெமோதரைக்கு மேலே தேயிலை மலையின் இடுப்பில் இருக்கிற அந்த ஹோட்டலின் வாசலில் மூன்று மொழியில் ஒரு போர்ட் தொங்குகிறது. வெளிச் சாப்பாடும் வெளிக் குடிவகையும் உள்ளே கொண்டுவர வேண்டாம் என்பது அதன் சாரம். தமிழ் வரியை எழுதிக் கொடுத்தவள் நிஷாந்தினி. முன்பு தொங்கிய தமிழ், தமிழர் யாருக்கும் விளங்காத தமிழ். மெனேஜர் அவளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னபோது, அவள் "தயவுசெய்து" என்ற சொல்லை முன்னால் வைத்து, அடிப்பது தெரியாமல் அடிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் செய்து கொடுத்தாள். அன்றைக்கு அதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வரவேற்பு மேசை அவளுடையது. வேனில் வருகிற உள்ளூர்க் குடும்பங்களை வாசலில் மறிப்பதும் அவளுடைய வேலைதான். செக்குரிட்டி ஷிபான் பையைத் திறந்து பார்ப்பான். பேச வேண்டியதை அவள் பேசுவாள். வெள்ளைக்காரர்கள் வைன் போத்தலோடு வந்து, திறக்கிறதற்கு எவ்வளவு என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர்களுக்கு வெட்கமே கிடையாது. நம்முடைய ஆட்கள்தான் சோற்றுப் பார்சலை முந்தானைக்குள் ஒளிப்பார்கள், பிள்ளையின் சாப்பாடு என்பார்கள், பிடிபட்டதும் முகம் சுருங்கிப்போவார்கள். அந்த முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு நிஷாந்தினி பழகிவைத்திருந்தாள். புருவத்துக்கு மேலே, நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பேச வேண்டும்.

இதெல்லாம் அவள் கற்றுக்கொண்டது. பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா அழகர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா இராக்கம்மா கொழுந்து எடுக்கிறவள். சின்ன வயதில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நாளில் அம்மா ரொட்டியும் சம்பலும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லத்தீப் நானாவின் சாப்பாட்டுக் கடை. ஆளுக்கொரு ப்ளேன்டீ சொல்லிவிட்டால் மேசையில் உட்கார்ந்து சொந்தப் பார்சலை அவிழ்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "காஞ்ச ரொட்டிய எப்பிடித் தின்னுற" என்று நானா பருப்புக் குழம்பு ஒரு கரண்டி கொண்டுவந்து ஊற்றுவார். தின்று முடிந்ததும் அம்மா ஷீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மேசையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு எழும்புவாள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஹோட்டல் மரியாதை.

அந்த மேசையிலிருந்து இந்த மேசைக்கு வர நிஷாந்தினி நிறையப் பாடுபட்டாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, பதுளையில் ஹோட்டல் கோர்ஸில் இங்கிலீஷில் விழுந்தெழும்பி, சிங்களத்தைத் தன்னோடு வேலைசெய்கிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கி எடுத்தாள். ஊர் எது என்று யாராவது கேட்டால் "பதுளை" என்று நிறுத்திக்கொள்வாள். அது பொய்யும் இல்லை. அங்கேதான் போடிங்கில் தங்கியிருந்தாள்.

தினேஸோடு பழகியது அவனுடைய போன் கடையில். திரை உடைந்த போனைக் கொடுக்கப் போய், அது சரியான பிறகும் பேச்சு ஓயவில்லை. அவன் தெமோதரைக்காரன், தகப்பன் இல்லை, தாய் விஜயலெட்சுமி சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். "அம்மாவுக்குப் பிடிச்சிருச்சுன்னா தை மாசமே" என்று அவன் சொன்னதிலிருந்து நிஷாந்தினிக்கு வேறு நினைப்பு இல்லை.

பெண் பார்க்க வருகிறோம் என்று விஜயலெட்சுமி சொல்லியனுப்பியதும்தான் அவளுக்கு லயம் ஞாபகம் வந்தது. லயத்துக்கு வந்தால் எங்கே உட்காரவைப்பது? தகரத்துக்கு மேல் கல் அடுக்கிய கூரை, பொதுப் பைப், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் நாள் முழுக்க வீடியோ சத்தம். அப்பாவிடம் அவள் சொன்ன காரணம் வேறு.

"ரோடு மோசம்ப்பா. அவங்க அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்க ஹோட்டல்லயே பகல் சாப்பாடு வச்சிருவோம். எனக்கு விலையில கழிவும் இருக்கு."

"பொண்ணு பாக்குறதா, பொண்ணு வேல பாக்குற எடத்தப் பாக்குறதா?" என்றார் அழகர்.

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான்ப்பா."

இராக்கம்மா பணியாரம் சுட்டு எடுத்து வருகிறேன் என்றாள். வருகிறவர்களுக்கு நம் கையால் ஒன்றும் வைக்காமல் அனுப்புவதா என்று கேட்டாள். நிஷாந்தினி, வாசலில் பேசுகிற அதே குரலில், "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்கம்மா, என்னைய அசிங்கப்படுத்திராதீங்க" என்றாள். அம்மா அதற்குப் பிறகு பணியாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

மெனேஜரிடமும் அவள் முழுதாகச் சொல்லவில்லை. "தெரிந்தவர்கள் சாப்பிட வருகிறார்கள்" என்று மேசை பிடித்தாள். பின்னேரம் வரைக்கும் லீவு எடுத்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தால் சமையலறையிலிருந்து தோட்டக்காரன் வரைக்கும் எட்டிப் பார்ப்பார்கள். அப்பாவின் தேயிலைக் கறை பிடித்த விரல்களையும் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தன் அம்மாவின் கையை வெறுங்கையாக்கினாள். மாப்பிள்ளை வீடு வெறுங்கையோடு வராது என்பதை மறந்துபோனாள்.

அன்றைக்கு அம்மாவும் அப்பாவும் நேரத்தோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். இராக்கம்மாவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன, என்ன செய்வதென்று தெரியாத மாதிரி. நிஷாந்தினி மயில் பச்சைச் சேலையில் வாசலுக்குப் போனபோது, த்ரீவீலரிலிருந்து தினேஸ் இறங்கினான். அவனுக்குப் பின்னால் விஜயலெட்சுமி. அவளுடைய இரண்டு கையிலும் வெள்ளித் தட்டு. அதில் வாழைப்பழச் சீப்பு, ஆப்பிள், கற்கண்டு, லட்டுப் பெட்டி, வெற்றிலை பாக்கு, நடுவில் பந்தாகச் சுற்றிய மல்லிகை.

ஷிபான் தன் கடமையைச் செய்தான். "பழமும் இனிப்பும் உள்ளுக்குக் கொண்டு போக ஏலாதும்மா. இங்க வச்சிட்டுப் போங்க, டோக்கன் தாறன்."

"இது சாப்பாடு இல்ல தம்பி. தட்டு" என்றாள் விஜயலெட்சுமி.

ஷிபானுக்குக் குழப்பமாகிவிட்டது. நிஷாந்தினியைப் பார்த்தான். "என்ன செய்ய? நீங்க சொல்லுங்க மிஸ்."

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் மெனேஜர் இரண்டு விருந்தாளிகளோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த தட்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குப் பதிலாக, நெடுநாள் பழகிய வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"மன்னிக்கணும். ஹோட்டல் விதிமுறை அப்படி. கவுண்டர்ல வச்சிட்டு வாங்க, போகும்போது எடுத்துக்கலாம்."

சொல்லும்போது அவள் விஜயலெட்சுமியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள்.

விஜயலெட்சுமி ஒரு நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை ஷிபானின் கையில் கொடுத்தாள். "தட்டு வெளிய, நாங்க உள்ள. நல்ல ஹோட்டல்தான்."

தினேஸ் தரையைப் பார்த்தான். ஜன்னலோரத்திலிருந்து அழகர் எழுந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் சாப்பாடு வந்தது. மஞ்சள் சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு, அப்பளம். யாரும் கை வைக்கவில்லை. அழகர்தான், "சாப்பிடுங்க" என்றார்.

"இது யாரு வீட்டுச் சோறு?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

"ஹோட்டல் சோறுதானுங்க."

"அப்ப தாராளமா சாப்பிடலாம். பொண்ணு வீட்டுச் சோறுன்னாத்தான் பேச்சு முடியாம கை நனைக்கக் கூடாது." சொல்லிவிட்டு நன்றாகவே சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினாள். கோழியில் உறைப்புப் போதாது என்றாள். கல்யாணப் பேச்சு ஒன்றும் எழவில்லை. முழங்கால் வலி, மழை, கொழுந்து குறைந்தது என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டு கிடந்தது. இராக்கம்மா ஒரே ஒரு தடவை, "பணியாரம் சுட்டுக் கொண்டாரலாம்னு இருந்தேன்" என்று தொடங்கி, மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எழும்பும்போது விஜயலெட்சுமி டோக்கனை எடுத்து நிஷாந்தினியின் முன்னால் வைத்தாள்.

"கொண்டாந்த தட்டத் திருப்பித் தூக்கிட்டுப் போனா நாங்களே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிரும்மா. அது எங்களால முடியாது. அது உனக்குன்னு வந்தது. உங்க வீடு போய்ச் சேந்துச்சுன்னா சேதி சொல்லு, மேக்கொண்டு பேசுவோம். சேரலைன்னாலும் எனக்குக் கோவமில்ல. எங்க வைக்கிறதுன்னு உனக்குத்தான தெரியும்."

தினேஸ் த்ரீவீலரில் ஏறும் முன் ரகசியமாக, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நிஷா" என்றான்.

பஸ் வரும்வரை அம்மா அப்பாவோடு ரோட்டோரம் நின்றாள். தட்டை நீங்கள் எடுத்துப் போங்களேன் என்று கேட்டுப் பார்த்தாள். இராக்கம்மா தலையாட்டினாள். "அது முடியாது புள்ள. ஒன்னையப் பாத்து வந்தது. நீ மறிச்சது. நீதான் தூக்கணும்."

அழகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நீ அங்க நின்னு பேசினது எனக்கு நம்ம பேச்சு மாதிரியே தெரியல பாப்பா. பிந்தி வந்தவளப் பெரட்டுல பேர் போடாமக் கங்காணி விரட்டுவானே, அந்தத் தொனி. உங்கம்மா எத்தன வாட்டி அதக் கேட்டுட்டுத் திரும்பி வந்திருக்கா தெரியுமா?"

"விடுங்க, அவ வேல அது" என்றாள் இராக்கம்மா. அம்மா தனக்காகப் பேசியதுதான் நிஷாந்தினிக்குத் தாங்கவில்லை.

பின்னேரம் யூனிபோர்ம் மாட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். ஒரு குடும்பம் பெட்டியில் பிறந்தநாள் கேக்கோடு வந்தது. கேக்குக்கு அனுமதி உண்டு; முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஷிபான் கேக்கைத் தானே தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தான். முன்கூட்டிச் சொன்னால் எதுவும் நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? தட்டு கவுண்டருக்குக் கீழேதான் இருக்கிறது. கையெட்டும் தூரம். குனிந்து பார்க்கத் துணியவில்லை.

கடைசியில் ஷிபானே வந்தான். "மிஸ், அந்தத் தட்ட என்ன செய்யிற? குரங்கு வந்திச்சு, ரெண்டு தரம் வெரட்டிட்டன். பேப்பர் போட்டு மூடி வச்சீக்கேன். ஆக்கள் மறந்திட்டுப் போய்ட்டாங்க போல."

"மறக்கல. எனக்குத்தான்."

"உங்களுக்கா? அப்ப அந்த உம்மா…" என்று தொடங்கியவன் பகல் அவள் கட்டியிருந்த சேலையையும் தட்டு மல்லிகையையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டு, "நான்தானே மறிச்சன் மிஸ்" என்றான்.

"நீங்க என்கிட்டக் கேட்டீங்க. மறிச்சது நான்."

வேலைசெய்கிறவர்கள் எந்தச் சாப்பாட்டையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் மெனேஜரிடம் காட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நிஷாந்தினி தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மெனேஜரின் அறைக்குப் போனாள். அங்கே கணக்குப் பார்க்கிற பெண்ணும் சமையற்காரரும் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தாள். காத்திருக்கவில்லை. பகல் வந்தவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், இது அவர்கள் கொண்டுவந்த தட்டு, நான் வாசலில் நிறுத்திவிட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், இப்போதே போனால்தான் மடுல்சீமை பஸ் கிடைக்கும் என்று சிங்களத்தில் சொன்னாள். மடுல்சீமை என்று அந்த ஹோட்டலில் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெனேஜர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். "அடப் பாவமே, முதலிலேயே சொல்லியிருந்தால் மேசைக்குப் பூ வைத்திருப்போமே" என்றார். நிஷாந்தினியால் அங்கே நிற்க முடியவில்லை.

பதுளையில் பஸ் மாறினாள். தட்டை மடியில் வைத்திருந்த அவளை எல்லோரும் பார்த்தார்கள். பின்சீட்டுப் பெண் ஒருத்தி, "யாருக்கும்மா நிச்சயம்?" என்று விசாரித்தாள். "இன்னும் ஆகலங்க" என்றாள். யூனிபோர்மில், தனியாக, வாடிய மல்லிகையோடு ஒருத்தி தட்டுத் தூக்கிப் போவதை அந்தப் பெண் எப்படி விளங்கிக்கொண்டாளோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லயத்துப் பைப்படியில் தண்ணீர் பிடித்தவர்கள் வாளியை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் யாருடைய நெற்றியையும் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. இராக்கம்மா தட்டை வாங்கி, பழத்தைத் தடவிப் பார்த்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அழகர் போனை எடுத்து, மாப்பிள்ளை வீட்டு இலக்கத்தை அழுத்தி, மகளின் கையில் கொடுத்தார்.

"தட்டு வீட்டுக்கு வந்திருச்சு" என்றாள் நிஷாந்தினி.

"யாரு தூக்கிட்டுப் போனது?" அந்தப் பக்கத்தில் விஜயலெட்சுமி.

"நான்தான்."

"ம். உங்க வீட்டு வாசல்ல யாரும் மறிக்கலையே?"

நிஷாந்தினிக்குக் காது இரண்டும் கொதித்தன. பக்கத்துக் காம்பராவில் வீடியோ அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு அது கேட்கும் என்று தெரிந்தும் அவள் கையால் போனைப் பொத்தவில்லை.

"இல்ல அத்தை" என்றாள். "யாரும் மறிக்கல. நீங்க இங்கயே வாங்க."