இரும்புப்பிடி

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை இரும்புப்பிடி என்றுதான் சொல்வார்கள். நர்ஸாகச் சேர்ந்து பதினெட்டு வருஷம். திமிறுகிற பிள்ளையை நாற்காலியில் அசையவிடாமல் பிடிப்பதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. "நீங்க லீவுன்னா நானும் லீவு" என்று டாக்டரம்மாவே சிரிப்பார். அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஒருநாள் ஏழு வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆட்டிசம், பேச்சு இல்லை. கடைவாய்ப் பல் சொத்தையாகி, மூன்று நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாளாம். முகத்துக்கு மேல் விளக்கைப் போட்டதும் துள்ளினாள். இரும்புப்பிடி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அமுக்கினாள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். பல்லைப் பிடுங்கியாயிற்று. ஆனால் பாதியிலேயே பிள்ளை திமிறுவதை நிறுத்திவிட்டாள். அழுகையும் இல்லை. மேலே பார்த்தபடி, ஒரே சுரத்தில் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு கிடந்தாள்.

"பாத்தீங்களா, சமத்தா அடங்கிட்டா!" என்றாள் இரும்புப்பிடி.

அன்றிலிருந்து அந்த முனகல் அவளை விடவில்லை. பிரிட்ஜ் ஓடினால் அதுதான். பஸ் நின்று உறுமினால் அதுதான். மகனுக்குச் சட்டைக் கையை மடித்துவிடும்போது அவன் மணிக்கட்டு விரலில் பட, வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னம்மா, ஷாக்கா அடிச்சுது?" என்றான் அவன்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் வந்தாள். "பிரஷ்ஷைக் கண்டாலே கையைக் கடிச்சுக்கிறா சிஸ்டர். அன்னிக்கு அவ அடங்கல. பயத்துல உறைஞ்சு போயிட்டா."

இரும்புப்பிடி நேரே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். "இனிமே நான் யாரையும் அமுக்க மாட்டேன் டாக்டர். வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காது. அந்தப் பொண்ணு சும்மா வந்து பழகிட்டுப் போகட்டும்."

முதல் வாரம் பிள்ளை வாசலோடு சரி. வராந்தாவில் இரும்புப்பிடியைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து இரும்புப்பிடி விளக்கை அணைத்து, பிள்ளைக்கு ஆகாத ரப்பர் வாசனைக் கையுறையை மாற்றிவைத்துவிட்டு, பிள்ளை வருவதற்குள் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பதினோராவது வாரம் பிள்ளை தானே நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தாள். டாக்டரம்மா பல்லை எண்ணுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"வந்து பாருங்க சிஸ்டர்!"

"இருக்கட்டும் டாக்டர். அவ கிளம்பினப்புறம் வரேன்."