சொல்தா வீட்டுத் தட்டு மரம்

மாவுப்பூச்சியை நகத்தால் நசுக்கினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு வரும். இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சனியனுக்குள் அப்படி ஒரு நிறம் இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். முதல்முறை நசுக்கிய விரலைத் தாவணியில் துடைத்தேன். தாவணி வீணானதுதான் மிச்சம். வீட்டுக்குள் செடி வளர்ப்பதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் மன அமைதி, மன அமைதி என்கிறார்கள். எனக்குக் கிடைத்தது குமட்டல். அதையும் யாராவது எழுதவேண்டும் அல்லவா?

எண்பதுகளின் தொடக்கம். நான் தாவரவியல் இரண்டாம் வருஷம். எதையும் பாதி படித்ததுமே செய்து பார்த்துவிடவேண்டும் எனக்கு. ஜன்னல் மேடையில் ஏழு பால்பவுடர் டின்கள் வைத்திருந்தேன். ஏழிலும் கள்ளி, கற்றாழை, பெயர் தெரியாத தடித்த இலைச் செடிகள். எல்லாவற்றையும் வெட்டி, கிள்ளி, நூல் கட்டி வளைத்து, குட்டை மரமாக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மரமாகவில்லை. பாதி அழுகிப்போயின. மீதி என்னைப் பழிவாங்குவதுபோல நெட்டையாக வளர்ந்தன.

உண்மையான குட்டை மரம் பக்கத்துச் சொல்தா வீட்டில் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைக் காரைக்காலில் சொல்தா என்போம். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியும் அது சொல்தா வீடுதான். அவர் மனைவியை நான் மதாம் என்று கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்கும். கூடத்தில், கிழக்கு ஜன்னலோரம், ஒரு சாண்கூட ஆழமில்லாத பீங்கான் தட்டில் அந்த ஜேட் செடி, காசு போல உருண்டு தடித்த இலைகளோடு நின்றது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். அடிமரம் மட்டும் யானைக்கால் போல மடிப்பு மடிப்பாக. மொத்த மரமும் இடப்பக்கம் சாய்ந்து, கடற்காற்றில் வளர்ந்தது போல இருக்கும். கடற்காற்று அதன்மேல் பட்டதே இல்லை. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்த சொல்தா, கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் அதை வைத்துக்கொண்டு, நூல் கட்டிக் கட்டி அப்படிச் சாய்த்திருந்தார்.

தினமும் சாயங்காலம் போய் மதாமைக் கேள்விகளால் குடைவேன். "நீ கேக்குற கேள்விய அது காது கொடுத்துக் கேட்டா பயந்தே செத்துடும்" என்பார்.

ஆவணிக் கடைசியில் அவர் மகளின் முதல் பிரசவத்துக்காகப் பிரான்சுக்குப் புறப்பட்டார். மரத்தை என்னிடம் விட்டுப்போவதாக முடிவு செய்தார். தூக்கிக் கொடுப்பதற்குமுன் ஒரு பரீட்சை.

"மழைக் காலத்துல எத்தன நாளைக்கு ஒருதரம் ஊத்துவே?"

"மாசத்துக்கு ஒருதரம் மதாம்."

"தப்பு. நாள் கணக்கே கிடையாது. இலைய அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருந்தா ஊத்தவே ஊத்தாத. சுருங்குனா ரெண்டு கரண்டி. வாரத்துக்கு ஒருதரம் தட்டத் திருப்பி வையி. பூச்சி வந்தா ஸ்பிரிட்டுல பஞ்ச நனைச்சுத் தொட்டு எடு. வேற ஒண்ணும் செய்யாத. ஒன் மூளைய உபயோகிக்காத."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தையில வந்துடுவேன். அவர் கைபட்டதுன்னு வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். போட்டோல இருக்கறவர் பட்டாள உடுப்புல வெறைப்பா நிக்கிறார். அந்த மனுசன எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவரு இந்த மரத்த வளைச்சவருதான். பத்திரம்."

மரம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதித் தட்டின்மேல் சாய்த்து வைத்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏண்டி, தொட்டில்ல கெடக்குற புள்ளைக்குப் பால் குடுக்காதேன்னு எழுதி வச்ச மாதிரில்ல இருக்கு இது?"

"அம்மா, அது இலைக்குள்ளயே தண்ணி வச்சிருக்கு."

"ஒங்கிட்ட சொல்லுச்சா?"

இதில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆற்றின் கடைமடை எங்களுடையது. மேலே எல்லாரும் குடித்து, பாய்ச்சி, மிச்சம் விட்டது வாய்க்கால் வழியே கடைசியாக எங்களுக்கு வரும். புதுத் தண்ணீர் வந்த அன்று வாய்க்காலை எட்டிப் பார்க்காதவர் இருக்கமாட்டார். அப்படிப்பட்ட ஊரில், காய்ந்த மண்ணோடு ஒரு செடி வீட்டுக்குள் நிற்பது, வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்காமல் உட்கார வைத்திருப்பதைப் போன்றது. இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், ஓர் அட்டை போதும் என்று நினைத்தேன்.

புரட்டாசியில் அக்காவைப் பெண் பார்க்கக் குரும்பகரத்திலிருந்து வந்தார்கள். அன்று நான் கல்லூரியிலிருந்து அவசரமாக வந்தபோது, மரம் கூடத்தின் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அட்டையைக் காணோம். இலைகளெல்லாம் பளபளவென்று மின்னின. அக்கா தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். தனக்குத் தடவியது போக மிச்சத்தை.

மாப்பிள்ளையின் மாமா ஒரு இலையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கிள்ளிப் பார்த்தார். "நெசந்தானா? பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன்."

"நெசந்தாங்க" என்றார் அப்பா.

"பிரான்சுலேர்ந்து வந்ததா?"

"பக்கத்து வீட்டுலேர்ந்து வந்தது" என்றேன். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னார்.

எண்ணெயைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தும் போகவில்லை. அதில் தூசி படிந்து, மாசக்கணக்கில் குளிக்காத தலைமுடிபோல ஆயிற்று. எறும்புகள் வந்தன. எறும்புக்குப் பின்னாலேயே மாவுப்பூச்சி. ஒவ்வொரு கணுவாகப் பஞ்சால் துடைத்தேன். விரலிடுக்கில் வழுவழுப்பு. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுப் பருக்கைகூடப் பூச்சியாகத் தெரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுவர் வியர்த்தது. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரமாகக் கிடந்து நாறியது. அதனால், கூடத்தில் ஒரு புது நாற்றம் சேர்ந்துகொண்டதை யாரும் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது அப்பா, "எலி செத்துக் கெடக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பீரோவை நகர்த்தினோம். நெல் குதிருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எலி தேடினார்.

எலி மரத்துக்குள் இருந்தது என்றே சொல்லவேண்டும். தட்டைத் திருப்பி வைக்கலாம் என்று அடிமரத்தைப் பிடித்தேன். என் கட்டைவிரல் உள்ளே போனது. தோல் கிழிந்த சத்தம்கூட இல்லை. கனிந்து கெட்டுப்போன வாழைப்பழத்துக்குள் போவதுபோல இதமாக, வெதுவெதுப்பாகப் போனது. பழுப்புக் குழம்பு ஒன்று மணிக்கட்டு வரை வழிந்தது. அதில் நூல் துணுக்குகள் போல வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா, அப்பா, அக்கா மூவரும் மரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"யார் தண்ணி ஊத்துனது?"

அம்மா, "வெள்ளிக்கெழம வெளக்கேத்துறப்ப மட்டும் ஒரு கை அரிசி கழுவுன தண்ணி தெளிப்பேன். வெள்ளிக்கெழமகூட வாய் காஞ்சு நிக்கணுமா?" என்றார்.

"ஒரு கையா?"

"ஒரு சின்னக் கிண்ணம்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "காலைல சொம்புல குடிச்ச மிச்சம் இருக்கும். கீழ கொட்டுவானேன்னு..."

"தெனமுமா?"

"தெனமும் மிச்சம் இருக்காதும்மா."

அக்காவைப் பார்த்தேன். "பூ நனைச்ச தண்ணி. வாசனையா இருக்கட்டுமேன்னு. ஒங்கண்ணுல படாமத்தான் ஊத்துனேன், திட்டுவியேன்னு" என்றாள்.

மூவரும் தனித்தனியாக, மற்றவர்கள் ஊற்றவில்லை என்று நம்பி, பரிதாபப்பட்டு ஊற்றியிருக்கிறார்கள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கத்த முடியவில்லை. ஏனென்றால் நான்காவது ஆளும் ஒருத்தி இருந்தாள். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த தண்ணீர் அடிமரத்தைப் பருக்கவைக்கும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். மதாம் திரும்பி வரும்போது மரம் இன்னும் பருத்து நிற்கவேண்டும், அவர் அசந்துபோகவேண்டும் என்று ஆசை. ஒரு வாரம் ஊறிப் புளித்து, நுரைத்து, பக்கத்தில் போனாலே கண் எரியும் அந்தத் தண்ணீரை நான்குமுறை ஊற்றியிருந்தேன். சொன்னேன்.

"சபாஷ்" என்றாள் அக்கா. "நாங்க தண்ணிதான் குடுத்தோம். நீ சாணி கரைச்சுக் குடுத்திருக்க."

அழுகல் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க, அப்பாவின் சவரப் பிளேடால் அடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே பழுப்பு வளையம். பிளேடை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் கழுவினேன். யானைக்கால் போயிற்று. சாய்வு போயிற்று. சொல்தா இரண்டு வருஷம் நூல் கட்டிய வளைவு முழுவதும் பழைய செய்தித்தாளில் குழம்பாகக் கிடந்தது. கடைசியில், உச்சியில் ஒரே ஒரு கிளை, என் உள்ளங்கை நீளத்துக்கு, வெட்டிய இடம் வெள்ளரிக்காய் போல வெளிர்பச்சையாக வந்தது. மற்றதையெல்லாம் கொல்லைக் கோடியில் குப்பைமேட்டில் கொட்டினேன்.

வெட்டுவாய் காய்ந்தால்தான் வேர் விடும். அந்த மழையில் காய்ந்த இடம் எது? சமையலறைப் பரண்தான். அடுப்புச் சூட்டில் கிளையைப் பதினைந்து நாள் வைத்தேன். அம்மா சமைக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். "வெறுங்கட்டையா கெடக்கு பாவம்" என்பார். நான் முறைப்பேன். "நான் ஒண்ணும் செய்யலம்மா, பாக்கக்கூடக் கூடாதா?" ஆற்றுமணலும் உடைத்த செங்கல் பொடியும் கலந்து, கழுவிய பீங்கான் தட்டில் கிளையை நட்டேன். மார்கழியில் தொட்டு அசைத்துப் பார்த்தேன், வேர் பிடித்திருந்தது.

பொங்கலுக்கு மறுவாரம் மதாம் வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா யோசனை சொன்னாள். "மணல ஒசரமாக் குவிச்சு வையி. அடி உள்ள இருக்குன்னு சொல்லிடலாம். கெளையக் கொஞ்சம் எடது பக்கமா சாய்ச்சு வச்சிடு."

செய்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். மணலைக் குவித்து, கிளையை இடப்பக்கம் சாய்த்து, மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். உண்மையாகவே ஏறக்குறைய அதேபோல இருந்தது. விரல் அழுகலுக்குள் போனபோதுகூட அப்படிக் கூசவில்லை.

மதாம் ஒரு டப்பா சாக்லேட்டோடு வந்தார். பவுடர் வாசனையும் கம்பளி வாசனையும் கூடத்தை நிறைத்தன. அம்மா முந்திக்கொண்டார். "கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டோங்க."

"செத்துப்போச்சு மதாம்" என்றேன். "இது கிளை மட்டும். அடிமரம் அழுகிடுச்சு. எங்க எல்லாரு கைத் தண்ணியும் சேந்து. நான் பிண்ணாக்கும் ஊத்துனேன்."

மதாம் குனிந்து மணல் குவியலை ஒரு விரலால் விலக்கினார். கீழே ஒன்றுமில்லை என்று கண்டதும் நிமிர்ந்தார்.

"மிச்சம் எங்க?"

"குப்பைல."

"எந்தக் குப்பைல?"

கொல்லைக்குப் போனோம். இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். குச்சியால் கிளறினேன். சாம்பலுக்கும் முட்டை ஓட்டுக்கும் அடியில் அடிமரத் துண்டு ஒன்றின் தோல் மட்டும் கிடைத்தது. உள்ளே வெறும் கூடு. மடிப்புகள் அப்படியே இருந்தன. மதாம் என் கையிலிருந்த குச்சியை ஒதுக்கிவிட்டு, மோதிரம் போட்ட கையால் அதை எடுத்தார். எடுத்ததும் மடிப்புகளில் தேங்கியிருந்த குழம்பு கசிந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"சீ" என்று கீழே போட்டார். பிறகு, யாரிடமோ புகார் சொல்வதுபோல, "கடைசி ரெண்டு மாசம் அவரும் இதே நாத்தந்தான். முதுகுல புண்ணு. நான் மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் சோறு ஊட்டுனேன். அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பி மரத்தையே பாத்துக்கிட்டிருப்பார்" என்றார்.

அம்மா தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்ற, மதாம் லைப்பாய் சோப்புப் போட்டு மூன்றுமுறை கை கழுவினார். விரலை முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார்.

"இன்னும் வருதா பாரு" என்று கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

முகர்ந்தேன். "வருது மதாம்."

"அந்தக் கெளைய நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்" என்றார். "தட்ட மட்டும் நல்லாத் தேச்சுக் கழுவிக் குடு."

அன்றைக்கே கிளையை ஒரு பால்பவுடர் டின்னுக்கு மாற்றிவிட்டு, தட்டைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்தேன்.