குளிப்பாட்டி அனுப்பிய கயிறு

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற இயந்திரம் அது. சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் அவர் திரும்பும்போதே கிரீஸ் வாசனை முன்னால் வந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. அவர் போன பிறகு அந்த வாசனை இரண்டு இடத்தில்தான் மிச்சம் இருந்தது. ஒன்று ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை. இன்னொன்று வாசலோரம் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய கயிற்றுக் குவியல்.

கயிறு அவருடைய தங்கை கேட்டது. அவள் கன்னியாஸ்திரி, கென்யாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் யானை வந்து மக்காச்சோளத்தைத் தின்றுவிடுமாம். ஜனங்கள் விஷம் தடவிய அம்பு விடுவார்களாம். யானையும் சாகக் கூடாது, சோளமும் போகக் கூடாது என்று அவளும் அந்த ஊர் வாத்தியாரும் நாலைந்து விவசாயிகளுமாக ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். வயலைச் சுற்றிக் கட்டத்தான் கயிறு.

"பாத்தியாமே, கன்னியாஸ்திரியாப் போனவ ஆனைக்காரி ஆயிட்டா!" என்று சிரித்துக்கொண்டே அவர் கப்பல்களில் கழித்துப் போட்ட கயிறாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு நாள் காலை, முதல் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் வந்தார். "அண்ணி, கென்யாவுல மொம்பாசா போற கப்பல் வந்துகீது. தெரிஞ்ச ஆளு எடுத்துகினு போறேன்னான். அந்தக் கவுத்த குடுத்துடலாமா?"

பக்கத்து வீட்டம்மா விடவில்லை. "இப்பிடியே கலீஜாவா? சிஸ்டருங்க கைக்குப் போறது. ராயபுரத்துப் பொம்பளைங்கள இன்னா நெனப்பாங்க?"

எங்கள் பக்கம் அப்படித்தான். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கோழியைக்கூடக் காலைக் கழுவித்தான் கொடுப்போம்.

அண்டாவில் வெந்நீர் வைத்து, சலவைச் சோடா போட்டு, நாலு பெண்கள் தேங்காய் நாரால் தேய்த்தோம். கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் ஓடிற்று. நானும் உட்கார்ந்து தேய்த்தேன். வாய் அருள் நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது. எது போகிறது என்று தெரிந்துதான் தேய்த்தேன். தெரிந்தும் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. மேலே சேசு மரி சூசை என்று வழக்கம்போல் எழுதியிருந்தாள். "அண்ணி, கயிறு வந்து சேர்ந்தது. ஆனால் யாரோ அதைக் குளிப்பாட்டிவிட்டீர்கள். யானைக்குக் கயிறு ஒரு பொருட்டில்லை, கிரீஸ் நாற்றம்தான் ஆகாது. இருப்பதிலேயே அழுக்கானதாகப் பார்த்து எடு என்று அண்ணனுக்கு எழுதியிருந்தேனே. யானைகள் கயிற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டன. எங்கள் சங்கத்து விவசாயி ஒருவர் மறுபடியும் அம்பை எடுத்துவிட்டார். கிரீஸ் துடைத்த துணி இருந்தால் அனுப்புங்கள், கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோம்."

அவர் எனக்கு அதைச் சொல்லவே இல்லை.

"ஐயோ மாதாவே, சோடா வேற அள்ளிப் போட்டேனே!" என்று பக்கத்து வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா சோப்பு போட்டீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் ஆனை உள்ள வந்துகீது" என்றார் சிநேகிதர். அவரே துறைமுகம் முழுக்கச் சுற்றி எண்ணெய்த் துணியாக ஒரு கோணி நிறையச் சேர்த்தார். கட்டுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"அண்ணி, உங்க வூட்ல ஏதாச்சும் கீதா?"

ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

அவர் கோணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டார். "அவுரு சட்டை ஒண்ணு கீது சாமி. ஆனைக்குக் குடுக்க மனசு வரல." பத்து அருள் நிறை சொல்லச் சொன்னார். சட்டையைக் கொடு என்று சொல்லவில்லை.

துணி போய்ச் சேர்ந்தது. மழைக்காலம் முடிகிற சமயம் அடுத்த கடிதம் வந்தது. யானைகள் வேலி வரைக்கும் வந்து திரும்பிவிட்டனவாம். சோளம் வீடு வந்து சேர்ந்ததாம். அம்பெடுத்தவர் அதைக் கூரையில் செருகிவிட்டு வாத்தியாரோடு காவலுக்குப் போகிறாராம். கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையை எடுத்து முகர்ந்தேன். ஈர வாடைதான் அடித்தது. கழுத்துப் பட்டை, அக்குள், பை எல்லாம் முகர்ந்து பார்த்தேன், கிரீஸ் வாசனை எங்கும் இல்லை. இனி அது யானைக்கும் உதவாது.

அன்றைக்கு அதைத் துவைத்துப் போட்டேன். சோடா போடவில்லை.