அடுப்புக்கு மேல் குடியிருக்கும் புரோகோப் வாத்தியார்

“இல்லைங்க, அவர் யாரையும் திட்டலை. பியானோவுக்குச் சுருதி சேத்துக்கிட்டு இருக்காரு. கழுதைன்னு சொல்றது அதைத்தான்.”

ரொட்டி வாங்க வரும் புது ஆள் யாராவது கூரையை நிமிர்ந்து பார்த்தாலே போதும், கேட்பதற்கு முன்பே நான் இதைச் சொல்லிவிடுவேன். என் வீட்டு மாடியில், சரியாக ரொட்டி அடுப்புக்கு மேலே இருக்கிற அறையில் குடியிருக்கிறார் புரோகோப் வானிச்கா. பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பியானோ சொல்லித் தருகிற வாத்தியார். சொந்தமாக சோனாட்டா எழுதுகிறவர். அடுப்பின் சூடு தளம் வழியாக ஏறிப் பியானோவின் மரத்தை வளைத்துவிடும். அதனால் தினமும் காலையில், சுருதிச் சாவியும் கையுமாக, பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துவார்: “நேத்து விட்ட இடத்துல நிக்க மாட்டியா, கழுதை!”

தெருப்பக்கத்து அறையைத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

“அங்க விறகுக்கு எங்க போறது வீட்டுக்காரரே? சூட்டுல அது சுருதி இறங்கும். குளிர்ல நான் இறங்கிடுவேன். அதுவே இறங்கட்டும்.”

பொஹீமியாக்காரர். சின்ன வயதில் தேவாலயத்தில் பாட வியன்னாவுக்குக் கொண்டுவந்தார்கள். குரல் உடைந்ததும் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு கொடுத்து வாசலில் விட்டுவிட்டார்கள். பிறகு கல்யாண வீடுகளில் பிடில் வாசித்து, மெல்ல மெல்லப் பியானோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். தனிக்கட்டை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று என் மருமகள் ரோசினா கேட்டதற்கு, “ஒரு பொண்ணுகிட்டக் கேட்டேம்மா. யோசிச்சுச் சொல்றேன்னா. இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கா போல” என்றார்.

தலையில் வைக்கிற பொய்முடிக்குப் பவுடர் வாங்க மாட்டார். என் கடை மாவையே ஒரு பிடி அள்ளித் தூவிக்கொண்டு கிளம்புவார். மழையில் நனைந்து வந்தால் நெற்றியில் பசை வழியும். “இப்படியே அடுப்புல வெச்சா ஒரு ரொட்டி தேறும் வாத்தியாரே” என்பேன். “தீஞ்ச ரொட்டியை எவன் வாங்குவான்?” என்று சொல்லித் துடைத்துக்கொள்வார்.

சோனாட்டா என்றால் என்ன என்று கேட்டு ஒருநாள் மாட்டிக்கொண்டேன். கடைப் பலகையில் சாய்ந்தபடி, ரொட்டியின் கருகல் ஓரத்தை மென்றுகொண்டே விளக்கினார்.

“மூணு துண்டு. முதல்ல ஓட்டம், நடுவுல நடை, கடைசில மறுபடி ஓட்டம். முதல் துண்டுல ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் ஒண்ணு சொல்றாரு. இன்னொருத்தங்க வேற சுருதில வேற ஒண்ணு சொல்றாங்க. அப்புறம் சண்டை. மாடி, சமையக்கட்டு, தெருன்னு சுருதி மாத்தி மாத்திச் சண்டை. கடைசில ரெண்டு பேரும் வீடு திரும்பி, சொன்னதையே மறுபடி சொல்வாங்க. ஆனா இப்ப ஒரே சுருதி.”

“எங்க வீட்டுல சண்டை வரைக்கும் சரியா வருது வாத்தியாரய்யா” என்றாள் ரோசினா. என் பக்கம் திரும்பி, “வீடு திரும்பறதுக்குள்ள உங்க பிள்ளை தூங்கிடறாரு மாமா.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கையைக் காட்டி, “இடது கை இவர் மாவு பிசையற மாதிரி ஒரே இடத்துல புரண்டுக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் வலது கை பதறாமப் பேசும்” என்றார். அதற்குப் பிறகு பிசையும்போதெல்லாம் மாடியில் என்ன நடக்கிறது என்று என் காது தானாகவே போகிறது.

சில வருஷங்களாகவே அவரிடம் வருகிற மாணவிகள் குறைந்துவிட்டார்கள். வேகமாக வாசிக்கிற இளைஞர்கள் பக்கம் ஊர் சாய்ந்துவிட்டது. குளிர்காலத்தில் அவர் விரல் முட்டிகள் வீங்கிவிடுகின்றன. இந்த நேரத்தில்தான், நகர மதிலுக்குள் இருக்கும் ஒரு பெரிய வீட்டுச் சீமாட்டி தன் மாளிகைக்கு நிரந்தரமாக ஒரு சங்கீத வாத்தியாரைத் தேடுகிறார் என்று செய்தி வந்தது. அறை, விறகு, மது, மேஜையில் ஒரு இடம் எல்லாம் சாகும்வரை உண்டு. அங்கே போனால் எங்களை விட்டுப் போய்விடுவார். ஆனாலும் அது கிடைக்கட்டும் என்று நானே தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். இந்த வயதில் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

சிக்கல் என்னவென்றால், அந்த அம்மாளுக்குக் காது மந்தம். போட்டிக்கு வந்த ஒரு வாலிபன் ஓங்கி அடித்துப் பியானோவில் இரண்டு கம்பிகளை அறுத்தே விட்டானாம், அம்மாள் கை தட்டினாராம். நம்முடையவரும் விடவில்லை. இரண்டு சோனாட்டா எழுதிக்கொண்டு போய் இடி இடித்துவிட்டு வந்தார். வீட்டில் எழுதும்போதே அதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார். அவர் மேலே அடிக்கிற அடியில் என் சுவரில் சாத்தியிருக்கும், அடுப்புக்குள் ரொட்டி தள்ளுகிற துடுப்புகள் ஆட வேண்டும். “ஆடுச்சா வீட்டுக்காரரே?” என்று மாடியிலிருந்து கத்துவார். “ஆடுச்சு, ஒண்ணு கீழ விழுந்தும் போச்சு” என்பேன். “அப்பச் சீமாட்டிக்குக் கேட்டுடும்!”

மூன்றாவதை நாளைக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம்.

அதை எழுதிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வல்புர்கா வந்து சேர்ந்தாள். என் முதல் பேத்தி. அவளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று கடைப் பையன்கள் கேலி செய்கிறார்கள். கருகட்டும். அவள் கொட்டாவி விடுவதை ஒருமுறை பார்த்தவன் அப்படிப் பேச மாட்டான். மாவுத் தொட்டி ஒன்றைக் கழுவி, துணி விரித்து, அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாக அவளைக் கிடத்தியிருக்கிறோம்.

அவள் அழுகை வாத்தியாரின் எழுத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயந்தேன். நடந்தது வேறு. மாடியில் சத்தமே நின்றுபோயிற்று. துடுப்புகள் ஆடவில்லை. காய்ச்சலோ என்று பார்க்கப் போனால், அவர் பியானோ முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே ரோசினா குழந்தைத் துணி ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அது பியானோவுக்குள், தட்டுகிற சுத்திக்கும் கம்பிக்கும் நடுவில், சத்தத்தை அமுக்கச் செருகியிருந்தது.

“எம் பொண்ணுக்கு மாத்தத் துணி இல்லை. உங்க பியானோ என்ன, அதுவும் நனைக்குதா?”

“துவைச்சதைத்தானேம்மா எடுத்தேன்” என்று அவர் முனகினார். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு துணி செய்த வேலையை விரலே செய்ய ஆரம்பித்தது.

இன்று காலை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பேத்தி தொட்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஏதோ தொடங்கியது. முதலில் தெருவில் என்று நினைத்தேன். பிசைவதை நிறுத்தினேன். போதவில்லை. மாடிப்படிக்குப் போனேன். அங்கும் பாதிதான் எட்டியது. எப்போது ஏறினேன் என்று தெரியாது, அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நடுத்துண்டு, அந்த நடை. இடது கை புரண்டும் புரளாமலும் கிடக்க, வலது கை ஒரு சொல் சொல்லிவிட்டு, குழந்தை அசைகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் நின்று, பிறகு அடுத்த சொல்லைச் சொன்னது. ஓரிடத்தில் இரண்டு கையும் நின்றன. நான் இன்னும் கிட்டக் குனிந்தேன்.

முடிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

“நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா அந்தம்மாவுக்கு இது எப்படிக் கேக்கும்? ஆயுசுக்கும் சோறு போடற இடம். நாளைக்கு ஒருநாள், அங்கே எந்தக் குழந்தை தூங்குது, ஓங்கி அடிச்சுத் தொலைங்களேன்!”

அவர் பியானோ மூடியைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் இறக்கினார். என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

“கேக்கலைன்னா நாற்காலியை விட்டு எந்திரிச்சுக் கிட்ட வரட்டும். நீங்க வரலையா?”