பிதுக்கம்பருப்புக் குழம்பில் நான் மறைத்தது

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்காவின் மகள் கேட்டபோது, "சித்தி, அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றாள். நல்லதாக நாலு வார்த்தை எழுத இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். அக்காவின் கையால் சாப்பிட்டவர்கள், அக்காவிடம் பக்குவம் கேட்டுச் சமைத்தவர்கள் எல்லாருமே எழுதுவார்கள். எனக்கோ அக்காமேல் ஏறக்குறைய ஐம்பது வருடமாகப் பொறாமை. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ எழுதிய கட்டுரையாகிவிடும். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர் லைன் வீட்டில். ஒரே அறை, முன்னால் தட்டி கட்டி அடுப்பு வைத்திருந்தோம். அம்மா அடிக்கடி நோயில் படுத்துவிடுவார் என்பதால் அக்கா பத்து வயதிலேயே களி கிண்டினார். ஷிப்டு முடிந்து வந்த அப்பா முதல் உருண்டையை விழுங்கிவிட்டு, "இன்னா பதம்! இன்னா பதம்!" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான்கு வருடம் கழித்து, எனக்குப் பத்து வயதானபோது, நானும் கிண்டினேன். ஒரு கட்டி இல்லை. அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பொறாமை அன்றைக்குப் பிடித்தது. அக்கா செய்த தவறு என்று அதில் ஒன்றும் இல்லை.

அக்கா ஆண்டர்சன்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே மாமா காலமானார். சுரங்கமும் மூடிவிட்ட காலம் அது. அக்கா யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. பெங்களூரில் ஒரு தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்கு முன் சமைத்து முடித்து, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கோரமண்டலில் ரயில் ஏறுவார். மகளைப் படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்து, அதன் பிறகும் அந்த ரயிலை விடவில்லை.

அந்த ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பங்காரப்பேட்டை தாண்டியதும் டப்பாக்களைத் திறந்து, ஆளுக்கு ஒரு வாய் மாற்றிக்கொள்வார்கள். பிடித்திருந்தால் பக்குவம் கேட்பார்கள். அதிகம் கேட்கப்பட்டவர் அக்காதான். கேட்பவரின் வீடும் அடுப்பும் தெரிந்து சொல்லுவார். நேரமில்லாதவரிடம், "எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போட்டு மூணு விசில் வுடு, போதும்" என்பார். ஹாஸ்டல் அறையில் கெட்டில் மட்டும் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அதிலேயே ரவைக் கஞ்சி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். புளி ஆகாதவருக்குத் தக்காளி. பல் இல்லாத மாமனார் இருந்தால் இன்னும் கொஞ்சம் குழைய விடச் சொல்வார்.

நான் அப்படி இல்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் அளவு வேண்டும். அவரைக்காய் வரும் காலத்தில் கொட்டையை உரித்து, முந்தின நாளே ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுப்பேன். சந்தையில் பிதுக்கியே விற்கும் பருப்பை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன். "வாங்கிப் போட்டா இன்னா கெட்டுப்போச்சு?" என்பார் அக்கா. இத்தனை பாடுபட்டும் என்னிடம் யாரும் பக்குவம் கேட்டதில்லை.

முதலில் கேட்டவர் அக்காதான். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலேயே மைசூர் மைன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று பிதுக்கம்பருப்புக் குழம்பு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டவர், கை காயக் காயக் கேட்டார்.

"இன்னாடி போட்ட இதுல? கரண்டில தூக்குனா அப்படியே நிக்குது. சொல்லு, பொட்டியில எல்லாரும் கேப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை காலை என் குழம்பு ரயிலேறி, பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் அக்கா குழம்பாகிவிடும். வெங்காயம், தேங்காய், பூண்டு, மிளகாய், தனியா, சோம்பு என்று வரிசையாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

அக்கா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு எழுந்து கை கழுவினார்.

அடுத்த வாரம் அக்கா வந்ததும், குழம்பு எப்படி வந்தது என்று நானே ஆவலாகக் கேட்டேன். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்ற ஆசைதான். "நல்லா வந்துச்சுடி. கொஞ்சம் தண்ணியா நின்னுச்சு, நான் சரி பண்ணிக்கினேன்" என்றார். எதைப் போட்டுச் சரிசெய்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாக்கு துடித்தது. கேட்டால் நான் மறைத்தது வெளிப்பட்டுவிடும். ஆப்பசைத்த குரங்கு போல மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு காதுகுத்துக்குப் போனாலும் வளைகாப்புக்குப் போனாலும் அந்தக் குழம்பின் பேச்சுதான். பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த என் மகன், "அம்மா, நீயும் பெரியம்மாகிட்ட கேட்டு அந்தக் குழம்பு செய்யேன்" என்றான். என் குழம்பை நானே போய்க் கேட்டு வர வேண்டுமாம்! இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனுக்குக் காரணமும் தெரியாது.

சென்ற ஆண்டு அக்கா நோயில் விழுந்தார். இரண்டு மாதம் படுக்கை. வலியிலும் வந்தவர்களை "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டார். ரயில் பெண்கள் முறை வைத்துக்கொண்டு டப்பாவோடு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். என் டப்பாவோடு நான் கதவோரம் நிற்பேன். சாகக் கிடக்கும் அக்காவைப் பங்கு போட வந்தவர்கள் என்றுகூட நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "அந்தப் பிதுக்கம்பருப்பு செய்வியே, அதுல..." என்று தொடங்கி அக்கா என்னைப் பார்த்தார்.

"இப்ப அவர சீசன் இல்லியேக்கா" என்றேன்.

"சரிடி, வரட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவரைக்காய் சந்தைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அக்கா எங்களை விட்டுப் போனார்.

படத்திறப்பு நாளில், புத்தர் கோயிலில் பஞ்சசீலம் சொல்லி முடித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதற்குள் அவரை வந்துவிட்டது. ரயில் பெண்கள் ஒரு குண்டான் நிறைய அதே குழம்பைச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். அக்காவோடு தினமும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போன மேரி எனக்குப் பரிமாறினார். இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன்.

"இதுல கெட்டியா வர்றதுக்கு இன்னா போடுறீங்க?"

"நான் பொட்டுக்கடல அரைப்பேங்க. லட்சுமம்மா வீட்ல மாமியாருக்கு சக்கர வியாதி, அதுக்கு ராகி மாவு கரைச்சு வுடச் சொன்னாங்க. அதோ அந்தப் பொண்ணு, கொழந்தைக்கு உருளக்கிழங்கு மசிச்சுப் போடும். ஆளுக்கு ஒண்ணு அக்காதான் மாத்திக் குடுத்தாங்க."

"அக்கா இன்னா போடுவாங்க?"

மேரி கரண்டியைக் குண்டானில் வைத்தார். "அவங்க எதையும் நிலையா போட மாட்டாங்க. 'இது என் தங்கச்சி கொழம்பு. ஒண்ண மட்டும் சொல்லாம வுட்டுட்டா. அவளே ஒரு நாளு சொல்லுவா, அது வரைக்கும் கையில இருக்கறத போட்டுக்குவோம்'னு சொல்லுவாங்க. பொட்டியில எல்லாருக்கும் தெரியும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

முதலில் வெட்கம்தான் வந்தது. பிறகு, சொன்னால் நம்புங்கள், மறுபடி பொறாமை. அக்கா எனக்காகக் காத்திருந்தது ஒரு ரயில் பெட்டி நிறைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரிடமும் அவர்களுக்கென்று அக்கா மாற்றிக் கொடுத்த பக்குவம் ஒன்று இருக்கிறது. என்னிடம் இல்லை. எனக்கு எதை மாற்றிக் கொடுத்திருப்பார் என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். நான் கேட்கவே இல்லையே.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டிய மருமகனுக்கும், இரத்தம் தந்த பிள்ளைகளுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த ஆண்டர்சன்பேட்டை நண்பர்களுக்கும், வந்திருந்து பஞ்சசீலம் சொன்ன பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரயில் பெண்களுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. அவர்களுக்குச் சேர வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் சந்தைக்கு அவரை வந்துவிடும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிதுக்கிய பருப்பில் ஒரு பிடியைத் தனியே எடுத்து, எண்ணெயில் சிவக்க வறுத்து, மசாலாவோடு சேர்த்து அரைக்க வேண்டும். கடையில் பிதுக்கி விற்பதை வாங்கினாலும் பரவாயில்லை.

இப்போது நிஜமாகவே அவ்வளவுதான், அக்கா.