மொன்செராட்டுக்கு ஒரு கோல் காப்பாளன்

இன்று எனக்கு ஷிப்ட் இல்லை. அறையில் என்னோடு இருக்கும் அண்ணை இரவு வேலைக்காகத் தூங்கிக்கொண்டிருந்தார். பேச ஆளில்லாமல் லண்டன் ஆர்ச்வேப் பக்கத்துப் பூங்காவுக்கு நடந்தேன்.

அங்கே, பிரித்தானியாவின் கையில் இன்னும் இருக்கும் சின்னத் தீவுகளின் ஆட்கள் அணி அணியாக உதைபந்தாட்டப் போட்டி நடத்தினார்கள். அதில் ஒன்று மொன்செராட். எரிமலை வெடித்ததால் பாதிக்கு மேற்பட்ட சனம் விட்டு வெளியேறிய தீவு.

அவர்களுடைய கோல் காப்பாளர் வரவில்லை. அணித்தலைவர் வேலியோரம் நின்ற என்னிடம் வந்து, "நீர் நிக்க ஏலுமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் உங்கட தீவு இல்லை," என்றேன்.

"எங்கட தீவிலையே இப்ப ஆக்கள் இல்லை," என்றார்.

பெயரைச் சொல்லிவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டேன். ஐந்து கோல் விட்டேன். ஆறாவதைப் பாய்ந்து பிடித்தபோது பத்துப் பேரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இந்த ஊரில் என் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை. பந்தை உதைக்க மறந்து நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு, குடும்பங்களோடு வான் வண்டிகளில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டில் அண்ணை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உடம்பெல்லாம் சேறு?"

"மொன்செராட்டுக்கு விளையாடினன், அண்ணை."

"அது யாழ்ப்பாணத்திலை எந்தப் பக்கம்?"

பதிலுக்கு நிற்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதனால்தான் கணினி முன் உட்கார்ந்து இந்த இணையக் குழுவில் உங்களுக்கு எழுதுகிறேன்.

குழு நண்பர்களே, வரும் சனிக்கிழமை லண்டனில் யாருக்காவது ஆள் குறைந்தால் ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊர் அணி என்று கேட்கமாட்டேன்.